சோற்றுப் பானைக்கும் ஒரு கணக்கு உண்டு

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

 

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு முன்னாடி பேசினவங்க கறவை மாட்டுக் கடன் பத்திப் பேசினாங்க, தையல் தொழில் பத்திப் பேசினாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு "வீட்டில் சரியாகச் சோறு சமைப்பது எப்படி" என்பது. தலைப்பைச் சொன்னதும் எங்க குழுவுல ஒரே சிரிப்பு. "நாங்க எல்லாம் வயசுக்கு வந்த நாள்ல இருந்து சோறு வடிக்கிறோம். நீ என்னத்தப் புதுசா சொல்லப் போறே"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். எனக்குக் கல்யாணமாகி 16 வருஷம் ஆச்சு. இந்த 16 வருஷத்துல 14 வருஷம் நான் தப்பாத்தான் சோறு வடிச்சேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

நாமெல்லாம் திருவாரூர் மாவட்டத்துக்காரங்க. நெல்லுக்குக் குறைவில்லாத ஊர். குறுவை, சம்பா, தாளடின்னு நடவுக்கும் களையெடுப்புக்கும் போன கைதான் நம்ம எல்லோருடைய கையும். கொள்முதல் நிலையத்துல நம்ம ஊர்ல எடுக்கிற நெல்லு ஆலைக்குப் போய் அரைச்சு ரேஷன் அரிசியா வருது. அந்த அரிசியை எப்படி வேக வைக்கணும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லைன்னுதான் நானும் நினைச்சிருந்தேன்.

எங்க மாமியார் சுத்தம் பார்க்கிறவங்க. நானும் அவங்ககிட்டதான் பழகினேன். அரிசியை முறத்துல போட்டுப் புடைச்சு, கல் பொறுக்கி, அஞ்சு தண்ணி விட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுவேன். தண்ணி பளிங்கு மாதிரி தெளிஞ்சாத்தான் மனசு ஆறும். பெரிய குண்டான்ல தண்ணியை ரொம்ப வச்சுக் கொதிக்கவிட்டு, அரிசியைப் போட்டு, வெந்ததும் ஒட்ட ஒட்ட வடிச்சிடுவேன். கஞ்சி முழுக்கக் கழனிப் பானைக்கு. சோறு மல்லிப்பூ மாதிரி இருக்கும். எங்க வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவார்.

அப்புறம் ரேஷன் அரிசியில வேற மாதிரி மணி வர ஆரம்பிச்சுது. உங்களுக்கும் தெரியும். மத்த அரிசியை விடக் கொஞ்சம் நிறம் மாறி இருக்கும். தண்ணியில போட்டா அதுல சிலது மிதக்கும். "பிளாஸ்டிக் அரிசி, சாப்பிட்டா வயித்துல கட்டி வரும்"னு செல்போன்ல ஒருத்தர் அனுப்ப, அதை இன்னொருத்தர் அனுப்ப, ஊரே பயந்து போச்சு. நானும் பயந்தேன். தினமும் ராத்திரி சீரியல் பார்த்துக்கிட்டே முறத்தை மடியில வச்சு அந்த மணியை ஒவ்வொண்ணா பொறுக்குவேன். என் பொண்ணும் கூட உட்கார்ந்து பொறுக்குவா. பொறுக்கினதைக் கோழிக்குப் போட்டேன். மிதக்கிறதைக் கழனியோட ஊத்திட்டேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆடி மாசம் ஒரு நாள். விடியக்காலை வேலைக்குப் போகணும்கிற அவசரம். குண்டானைத் தூக்கி வடிக்கக் குனிஞ்சேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. பிடி நழுவினது மட்டும்தான் தெரியும். கொதிக்கிற கஞ்சி இடது கால்ல கொட்டிடுச்சு.

எங்க மாமியார் பதறிப்போய் மாவை அள்ளிக்கிட்டு வந்தாங்க. நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்கா, நம்ம குழு உறுப்பினர்தான், "அத்தை, மாவெல்லாம் போடாதீங்க"ன்னு தடுத்து என் காலைக் குழாயடியில நீட்ட வச்சு, இருபது நிமிஷம் தண்ணி ஓடவிட்டாங்க. அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நர்ஸம்மா காலைப் பார்த்து மருந்து போட்டாங்க. பிறகு என் கண்ணோட கீழ் இமையை இழுத்துப் பார்த்தாங்க. "கால் ஆறிடும். உனக்கு மயக்கம் ஏன் வந்துச்சு? அதைப் பார்க்கணும்"னு சொல்லி ரத்தம் எடுத்தாங்க. ஹீமோகுளோபின் 8.2. நம்மளப் போலப் பொம்பளைகளுக்கு 12 இருக்கணுமாம்.

"என்னம்மா சாப்பிடுறே, எப்படிச் சமைக்கிறே"ன்னு கேட்டாங்க. நான் பெருமையா எல்லாத்தையும் சொன்னேன். அஞ்சு தண்ணி கழுவுறது, ஒட்ட வடிக்கிறது, பிளாஸ்டிக் அரிசியைப் பொறுக்குறது எல்லாம். அவங்க திட்டல. ஒரு பேப்பரை எடுத்து எழுதிக் காட்டினாங்க. "நீ குழுவுல இருக்கிறவதானே, கணக்கு தெரியுமில்ல, பாரு"ன்னாங்க. அந்தக் கணக்கைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்றேன்.

நாம பிளாஸ்டிக்னு பயந்தது செறிவூட்டப்பட்ட அரிசி மணி. அரிசியை மாவாக்கி, அதுல இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 மூணையும் கலந்து, மெஷின்ல அரிசி வடிவத்துல பிழிஞ்சு காய வைக்கிறாங்க. அதனாலதான் நிறம் மாறித் தெரியுது, சிலது மிதக்குது. 100 கிலோ சாதா அரிசிக்கு 1 கிலோ இந்த மணி கலந்தாங்க. அரசுத் திட்டங்கள்ல கொடுக்கிற அரிசி எல்லாம் இப்படித்தான் கொடுக்கப்படும்னு 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவிச்சார். ரேஷன் கடை மட்டுமில்ல, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடச் சத்துணவுக்கும் சேர்த்துத்தான் அந்த அறிவிப்பு.

இப்போ கணக்குக்கு வாங்க. இப்படிக் கலந்த அரிசி 20 கிலோ வாங்கினா அதுல இந்த மணி 200 கிராம் இருக்கும். ஒரு வருஷத்துக்கு 2 கிலோ 400 கிராம். அதைத்தான் நான் கண்ணு வலிக்கப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டேன். இப்படிக் கலந்த அரிசி 1 கிலோவுல 28ல இருந்து 42.5 மில்லிகிராம் வரை இரும்புச்சத்து இருக்கணும்னு விதி. ஒருத்தி ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டா, 8ல இருந்து 12 மில்லிகிராம் வரை அதுலயே வந்திடும். நமக்கு ஒரு நாள் தேவை 29 மில்லிகிராம். தேவையில மூணுல ஒரு பங்கு காசில்லாம தட்டுக்கு வந்துச்சு. நான் அதை வெளியே போட்டுட்டு, ரத்தம் இல்லாம மயங்கி விழுந்தேன்.

குழுக் கூட்டத்துல 5 ரூபா குறைஞ்சா கணக்கு நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோம். சோத்துப் பானையில என்ன வருது, என்ன போகுதுன்னு ஒரு நாளாவது பார்த்திருக்கோமா? நான் பார்க்கல.

அன்னைக்கு எனக்கு இன்னொரு பயமும் வந்துச்சு. மறுநாளே என் பொண்ணைக் கூட்டிட்டுப் போய் ரத்தம் பார்த்தேன். எட்டாவது படிச்சுக்கிட்டிருந்தா, வயசுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகல. அவளுக்கு 10.4. பள்ளிக்கூடத்துல வாரம் ஒரு நாள் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையையும் "வயித்தப் புரட்டுது"ன்னு பையிலயே வச்சிருந்திருக்கா. அவளைப் பக்கத்துல உட்கார வச்சுத்தானே நான் அந்த மணியைப் பொறுக்கினேன்! என் கால் புண்ணு வலிச்சதைவிட அதுதான் எனக்கு வலிச்சுது.

இது எங்க வீட்டு விஷயம் மட்டும் இல்லீங்க. 2019–21ல நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வுல, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசு வரை உள்ள பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை இருக்குன்னு எழுதியிருக்காங்க. நூத்துக்கு அம்பத்து மூணு. இந்தப் பந்தல்ல இருக்கிறவங்கள்ல பாதிப் பேருன்னு வச்சுக்குங்களேன். "அசதியா இருக்கு", "படி ஏறினா மூச்சு வாங்குது", "தலை சுத்துது"ன்னு சொல்லிக்கிட்டு நாம பாட்டுக்கு வேலை பார்த்துக்கிட்டிருக்கோம்.

சரி, இனி சோறு எப்படிச் சமைக்கணும்னு சொல்றேன். இது நர்ஸம்மா சொன்னதும், நான் ரெண்டு வருஷமா செஞ்சு பார்த்ததும்.

முதலாவது, அரிசியைப் பொறுக்குவது. கல், உமி, பூச்சி, குப்பை இதை மட்டும் எடுங்க. நிறம் மாறின மணியை விட்டுடுங்க. புடைக்கும்போது அந்த மணி பறந்து போகாம பார்த்துக்குங்க.

ரெண்டாவது, கழுவுவது. ரெண்டு தண்ணி போதும். ரெண்டு கையாலும் தேய்க்க வேண்டாம். தண்ணி விட்டு விரலால லேசா அளைஞ்சு, இறுத்திடுங்க. மிதக்கிற மணி தண்ணியோட ஓடாம கையை அணைபோட்டு இறுக்கணும். ரெண்டாவது தண்ணியும் கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கும். அது அழுக்கு இல்ல, மாவுதான். பி வைட்டமின் எல்லாம் தண்ணியில கரையக்கூடியது. கழுவக் கழுவப் போய்க்கிட்டேதான் இருக்கும்.

மூணாவது, ஊற வைப்பது. ரேஷன் புழுங்கல் அரிசியை அரை மணி நேரம் ஊற வச்சா சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம். ஊற வச்ச தண்ணியைக் கொட்டாம அதையே உலைக்கு வச்சிடுங்க. அதுக்காகத்தான் கழுவிட்டு ஊற வைக்கணும், ஊற வச்சிட்டுக் கழுவக் கூடாது.

நாலாவது, தண்ணி அளவு. இங்கேதான் பெரிய நஷ்டம். நான் முன்னாடி ஒரு டம்ளர் அரிசிக்கு ஏழு, எட்டு டம்ளர் தண்ணி வைப்பேன். குக்கர்ல வைக்கிறவங்க ஒரு டம்ளர் புழுங்கல் அரிசிக்கு மூணு டம்ளர் தண்ணி, பச்சரிசின்னா ரெண்டு, ரெண்டேகால் டம்ளர் வச்சாப் போதும். கஞ்சின்னு ஒண்ணு வெளியே போகவே போகாது. எத்தனை விசில்னு கேட்காதீங்க, அது குக்கருக்குக் குக்கர் மாறும். ரெண்டு நாள் வச்சுப் பார்த்து அளவைப் புடிச்சுக்குங்க. புது அரிசி தண்ணி குறைவாக் கேட்கும், பழைய அரிசி கூடக் கேட்கும். அறுவடை முடிஞ்ச கையோட அரைச்ச அரிசிக்கு அரை டம்ளர் குறைச்சு வைக்கலேன்னா குழைஞ்சிடும்.

வடிச்ச சோறுதான் எங்க வீட்டுல இறங்கும்னு சொல்றவங்களுக்கு ஒரு வழி. ஒரு டம்ளருக்கு நாலு, நாலரை டம்ளர் தண்ணியோட நிறுத்திக்குங்க. உலை நல்லா கொதிச்ச பிறகு அரிசியைப் போட்டு, ஒரு கிளறு கிளறி, தீயைக் குறைச்சுத் தட்டை ஒருக்களிச்சு மூடுங்க. அடிக்கடி கிண்டினா மணி உடைஞ்சு குழையும். ஒரு பருக்கையை எடுத்து விரல்ல நசுக்கிப் பாருங்க. நடுவுல வெள்ளைப் புள்ளி இருந்தா இன்னும் கொஞ்சம் வேகணும். புள்ளி இல்லாம மசிஞ்சா இறக்கிடலாம். இப்படி வச்சா வடியிற கஞ்சி கொஞ்சமா, கெட்டியா வரும். அதைக் கொட்டக் கூடாது. உப்பும் மோரும் விட்டு வெதுவெதுன்னு குடிக்கலாம். ரசத்துல, சாம்பார்ல விடலாம். கேழ்வரகு மாவு பிசைய எடுத்துக்கலாம். பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட வேணும்னா, வீட்டுல எல்லாரும் குடிச்சது போக மிச்சத்தை வச்சுக்குங்க. "மாட்டுக்கு?"ன்னு எங்க மாமியார் கேட்டாங்க. மாட்டுக்குக் கழுவின தண்ணியும் காய்கறித் தோலும் இருக்கு அத்தைன்னு சொன்னேன்.

சர்க்கரை வியாதி உள்ளவங்க, "வடிச்சாச் சர்க்கரை ஏறாது"ன்னு நினைச்சு ரெண்டு மடங்கு சாப்பிடுறாங்க. வடிச்ச சோறும் சோறுதான். அளவைக் குறைச்சு, காயையும் கீரையையும் கூட்டணும்.

அஞ்சாவது, வடிக்கும்போது கவனம். என் காலே சாட்சி. நின்னுக்கிட்டுத் தூக்கி வடிக்காதீங்க. குண்டானைத் திண்ணை மாதிரி ஒரு உயரத்துல சாய்ச்சு வச்சு வடிக்கணும். கரித்துணி காய்ஞ்சதா இருக்கணும். ஈரத்துணியில பிடிச்சாச் சூடு சட்டுன்னு கைக்கு ஏறிடும், கை தானா விட்டுடும். பிள்ளைகளைக் கிட்ட வரவிடக் கூடாது. தலை சுத்துற மாதிரி இருந்தா அப்படியே வச்சிட்டு உட்கார்ந்திடுங்க. சோறு குழைஞ்சாப் போகுது. சுட்டுக்கிட்டா உடனே குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டணும். மாவு, இங்க், பற்பசை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

ஆறாவது, சோத்தோட எதைச் சேர்க்கிறோம் என்பது. அரிசியில இருக்கிற இரும்புச்சத்து உடம்புல ஒட்டணும்னா புளிப்புச் சத்து வேணும். ஒரு எலுமிச்சை, ஒரு நெல்லிக்காய், கொஞ்சம் தக்காளி எதுவாவது இருக்கட்டும். கொல்லையில நிக்கிற முருங்கைக்குக் காசு கொடுக்க வேண்டாம். சாப்பிட்ட கையோட டீ குடிக்கிற பழக்கத்தை விடணும். டீ அந்தச் சத்தை உடம்புல சேரவிடாது. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. வயல்ல வேலை செய்யிறவங்களுக்கு இது கஷ்டம்தான், எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

ஏழாவது, மீந்த சோறு. வெயில் காலத்துல காலையில வடிச்ச சோத்தைத் தண்ணி ஊத்தாம ராத்திரி வரைக்கும் வச்சு, திரும்பச் சூடாக்கிப் போடாதீங்க. கெட்ட சோத்தைச் சூடு பண்ணினா நல்ல சோறு ஆகாது. ராத்திரிச் சோறு மீந்தா ஆறினதும் நல்ல தண்ணி ஊத்தி மூடி வச்சு, காலையிலயே சாப்பிட்டு முடிச்சிடணும். அளந்து வடிச்சா மீறவே மீறாது.

இதையெல்லாம் எங்க குழுவுல சொன்னப்போ யாரும் நம்பல. "நர்ஸம்மா சொன்னா? அது பிளாஸ்டிக்தான்"னாங்க. அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு கைப்பிடி ரேஷன் அரிசியும் ஒரு சின்னச் சட்டியும் கொண்டு போனேன். மிதந்த மணியையும் நிறம் மாறின மணியையும் தனியா எடுத்து எல்லார் கண்ணு முன்னாடியும் வேக வச்சோம். சோறு மாதிரியே வெந்து, விரல்ல வச்சு நசுக்கினா மசிஞ்சுது. நாலு மணியைக் கரண்டியில வச்சு நெருப்புல காட்டினோம். அரிசி கருகுற மாதிரியே கருகுச்சு. பிளாஸ்டிக்கா இருந்தா உருகி ஒழுகியிருக்கும். அதுக்கப்புறம் சந்தேகம் கேட்டவங்க வாயைத் திறக்கல. நீங்களும் உங்க குழுவுல செஞ்சு பாருங்க. செல்போன்ல வர்றதைவிட சட்டியில பார்க்கிறது நல்லது.

ஒண்ணை மட்டும் மறைக்காமச் சொல்லணும். சோத்தை மாத்தினதால மட்டும் எனக்கு ரத்தம் ஊறிடல. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விடாம நாலு மாசம் சாப்பிட்டேன். குடற்புழு மாத்திரையும் சாப்பிட்டேன். மாத்திரைதான் மேலே ஏத்துச்சு. ஏறினது இறங்காம இருக்க சோறு துணையா இருக்கு. நாலு மாசத்துல 11.1 ஆச்சு. போன மாசம் பார்த்தப்போ 11.8. இன்னும் 12 ஆகல, விடமாட்டேன். என் பொண்ணுக்கு 12.1. அவ இப்போ பத்தாவது படிக்கிறா. பள்ளிக்கூட மாத்திரையை என் கண்ணு முன்னாடி வந்து காட்டிட்டுத்தான் முழுங்குறா. தலசீமியா, அரிவாள் செல் ரத்தச்சோகை மாதிரி நோய் இருக்கிறவங்க மட்டும் இந்த அரிசியைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

எங்க மாமியார் முதல்ல ஒத்துக்கல. "ரெண்டு தண்ணியில கழுவின சோத்தை நான் திங்க மாட்டேன்"னாங்க. ஒரு வாரம் அவங்களுக்குத் தனியா அஞ்சு தண்ணி கழுவித்தான் வச்சேன். அப்புறம் ஒரு நாள் முகாம்ல அவங்களுக்கும் ரத்தம் பார்த்தாங்க. 9.6. வீட்டுக்கு வந்து ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில நான் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவங்களே அரிசி கழுவி ஊற வச்சிருந்தாங்க. எத்தனை தண்ணின்னு நான் கேட்கல. கழனிப் பானையைப் பார்த்தேன். அதுல தண்ணி கம்மியாத்தான் இருந்துச்சு.

முடிக்கிறதுக்கு முன்னாடி கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். நம்ம குழுக்கள்ல ஒவ்வொருத்தர் சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவுன்னு எழுதுறோம். அந்த நோட்டோட கடைசிப் பக்கத்துல, விருப்பப்படுற உறுப்பினர்கள் பேருக்கு நேரா ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எழுதி வைப்போம். யாருக்குக் குறைஞ்சிருக்கோ அவங்களை நாமளே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போவோம். கடன் தவணை தவறினா வீடு தேடிப் போறோமில்ல? அது மாதிரி இதுக்கும் போவோம்.

இன்னைக்கு வீட்டுக்குப் போய் உலை வைக்கும்போது, கழுவின தண்ணியை ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதுல கையை விட்டுப் பாருங்க. மிதக்கிற மணி இருந்தா எடுத்து அரிசியோட போட்டுடுங்க. அது உங்களுக்காகவும் உங்க பிள்ளைகளுக்காகவும் வந்தது.